ஒல்லாந்தர் கட்டாத வளைவு

மானிப்பாய்க்கும் காரைநகருக்கும் இடையில் நான் கட்டிய வீடுகளின் கணக்கு நூறோடு விட்டுப்போயிற்று. வீடுகள் போக, சண்டிலிப்பாயில் கோயில் மடம், தெல்லிப்பழையில் ஒரு தேவாலயத்தின் மணிக்கூண்டு, கொடிகாமச் சந்தைக்குப் பக்கத்தில் தேங்காய் வியாபாரி ஒருவரின் மாடிக் கடை, தண்ணீர் வராது என்று எல்லாரும் கைவிட்ட காணியில் வட்டக் கிணறு. எல்லாம் இந்தக் கையால் செய்தது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிளான் வாசிக்க எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்து நானே பழகினேன். சீமெந்து இல்லாத காலத்தில் கட்டினேன். இரும்பு இல்லாத காலத்தில் கட்டினேன். சண்டைக் காலத்தில் மேலே ஹெலிகொப்டர் சுற்றச் சுற்றச் சாரத்தில் நின்று பூசினேன். இன்றுவரை நான் கட்டிய ஒரு சுவர்கூட வெடித்தது என்று எவரும் என் வீட்டுப் படலையைத் தட்டியதில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணப் பட்டினத்தைக் கால்நடையாகச் சுற்றிப் படம் பிடித்த கதையை எழுத வந்தவன் கல்லையும் சாந்தையும் அறியாத ஆள் என்று, வெளிநாடுகளில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் நினைத்துவிடக்கூடாது.

என் மனைவியின் தமையன் தில்லைநாதன் ரொறன்ரோவில் கணக்காளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தவன், கழுத்தில் ஆட்டுக்குட்டி அளவு கமராவோடு வந்து இறங்கினான். வந்த மூன்றாம் நாளே ஒரு செய்தி கொண்டுவந்தான்.

“மச்சான், ரவுணை நடையாச் சுத்திக் காட்டி, எங்க நிண்டு படம் எடுக்கிறதெண்டும் சொல்லித் தருகினமாம். சனிக்கிழமை. நீயும் வா.”

“யாழ்ப்பாணத்தை எனக்கு ஒருத்தர் சுத்திக் காட்டுறதோ? அரைவாசி ரவுண் நான் பூசினது.”

“அப்ப மிச்ச அரைவாசியைப் பார்க்க வா.”

சனிக்கிழமை விடியற்காலை சண்டிலிப்பாய்ச் சந்தியில் காரைநகரிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினோம். பட்டினத்துக்கு ஏழு மைலுக்குக் கிட்ட வரும். ஆளுக்கு எண்பது ரூபா. இருபுறமும் புகையிலைத் தோட்டங்களில் பனி விலகவில்லை. மச்சான் யன்னலால் கமராவை நீட்டி நீட்டி எடுத்தான். கண்டக்டர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தவர், “ஐயா, பிள்ளையை மடியில வைச்சிருங்கோ. சீற்றில இருத்தினா அதுக்கும் ரிக்கெற் போடவேணும்” என்றார். பஸ் முழுதும் சிரித்தது. மச்சானும் சிரித்தான். இப்படிப் பகிடி விட்டு முப்பத்தைந்து வருஷம் அவனை ஒருவரும் சீண்டவில்லையாம். ஆனைக்கோட்டை கடக்கும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

ஆறே முக்காலுக்குக் கோட்டை வாசலில் நின்றோம். எங்களோடு கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்களத் தம்பதியும் ஒரு ஜேர்மன்காரரும். நடத்திச் செல்கிறவர் ரமணி. நாற்பது வயது இருக்கும், தெல்லிப்பழைப் பெண், கட்டடக்கலை படித்தவர். மூன்று பாஷையும் தண்ணீர் போல வருகிறது. கையில் தொடுதிரை ரப் ஒன்று. அதற்குள் பழைய யாழ்ப்பாணத்தின் படங்கள் நூற்றுக்கணக்கில். கட்டணம் உள்ளூராருக்கு ஆயிரத்து ஐந்நூறு, வெளிநாட்டாருக்கு நாலாயிரம். மச்சான் தன் பழைய அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான். “அதில இருக்கிற பொடியன் வந்தா அவருக்கு ஆயிரத்து ஐந்நூறுதான், ஐயா” என்றார் ரமணி. நாலாயிரம் கொடுத்தான். அந்த இடத்திலேயே எனக்கு ரமணியைப் பிடித்துவிட்டது.

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கட்டிய கோட்டை மதிலில் ஏறினால் ஒரு பக்கம் பண்ணைக் கடல். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுக்கிறார்கள். தீவுப்பகுதிக்குப் போகும் வீதி தண்ணீருக்கு மேலே கோடு கீறியதுபோல் கிடக்கிறது. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும், சுவரின் கீறல்கள் தெரியவேண்டுமானால் வெயில் பக்கவாட்டில் விழவேண்டும் என்று ரமணி சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். நான் சுவரைத் தடவிப் பார்த்தேன். கடல் முருகைக்கல், சுண்ணாம்புச் சாந்து. போரில் சிதைந்து, பின்னர் திருத்திய இடம் எது, பழையது எது என்று விரல் சொல்லிவிடும்.

இந்த மதிலுக்கு வெளியே அந்த நாளில் ஒரு தியேட்டர் இருந்தது. கலியாணம் முடித்த கிழமை மனைவியை சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு இரண்டாம் காட்சிக்கு வந்தேன். படம் நினைவில் இல்லை. இடைவேளைக்குக் கடலைக்காரனிடம் அவள் பேரம் பேசியது மட்டும் நினைவிருக்கிறது. இப்போது அந்த இடத்தில் புல். “இதில என்ன எடுக்கிறாய்?” என்று மச்சானைக் கேட்டேன். “நீ காட்டின இடத்தை எடுக்கிறன். தங்கச்சிக்குக் காட்டவேணும்” என்றான்.

ஏழரைக்குப் பொது நூலகம். வெள்ளைக் கட்டடம், வெயில் பட்டால் கண் கூசும். எரிந்ததையும் மறுபடி எழும்பியதையும் ரமணி மெல்லிய குரலில் சொன்னார். நான் அதற்குள் போய் ஒரு புத்தகமும் எடுத்தவன் அல்லன். ஆனால் மச்சான் அங்கே படித்துத்தான் கணக்காளன் ஆனான். நான் வேலை முடிந்து வந்து, வெளியே மர நிழலில் அவனுடைய சைக்கிளுக்குக் காவல் இருப்பேன். “உன்ரை படிப்பில பாதி என்ரை” என்று அன்று சொல்வேன், சனிக்கிழமையும் சொன்னேன். அவன் பகிடியாகத் திருப்பிச் சொல்வான் என்று பார்த்தேன். படிக்கட்டில் இருந்து மேலே பார்த்தபடி இருந்தான். கமராவைத் தொடவில்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி, ஆஸ்பத்திரி வீதிக்கு வந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு பால் விடாத பிளேன்ரீயும் வடையும். ஐந்து பேரும் படம் எடுக்கக் கடைக்காரர் கடைசிவரை சிரித்தபடி நின்றார். அந்த நாளில் இந்த வீதியில் காலை எட்டு மணிக்குச் சைக்கிள் மணிச் சத்தம் தவிர வேறொன்றும் கேளாது. பெற்றோல் இல்லாத வருஷங்களில் பட்டினம் முழுதும் சைக்கிளில்தான் ஓடியது. இப்போது மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் நான் ஜேர்மன்காரரின் கையைப் பிடித்து வீதி கடத்திவிட்டேன். அவர் நன்றி சொன்னார். உண்மையில் அவர்தான் என்னைக் கடத்தினார் என்று மச்சான் வீட்டில் வந்து சொன்னான், அது பொய்.

கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகளுக்கு மேலே ஒரு பழைய மாடி. அதன் நெற்றியில் சாந்தில் செய்த மயில். “உது என்ரை குரு கந்தர் மேசன் செய்தது” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். ரமணி ரப்பில் விரலால் தள்ளித் தள்ளி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு படத்தைக் காட்டினார். மாட்டு வண்டிகள், தலைப்பாகைக்காரர்கள், அதே மாடி, அதே மயில்.

“உங்கட குரு எப்ப பிறந்தவர், ஐயா?”

நான் கணக்குப் பார்த்தேன். கந்தர் மேசனின் தகப்பனுக்கே அப்போது மீசை முளைத்திருக்காது. கந்தர் புளுகுவார் என்று ஊரில் பேச்சு இருந்தது உண்மைதான். நான்தான் அந்தப் பேச்சை நம்பவில்லை. “மயிலின்ரை வாலைத் திருத்தியிருப்பார்” என்றேன். மச்சான் முகத்தைக் கமராவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

திரும்பித் தெற்கே நடந்து பிரதான வீதிக்கு வரும்போது ஒன்பதரை. பறங்கியரும் பெரிய வியாபாரிகளும் இருந்த பழைய தெரு. அகலச் சுவர்கள், உயர்ந்த கதவுகள், சில இடத்தில் கூரை இல்லை, உள்ளே வேம்பு நிற்கிறது. ஒரு குறுகலான ஒழுங்கையின் முகப்பில் எங்களுக்கு முன்னால் ஓர் ஓட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ரமணி பத்திரிகையில் சுற்றிய ஒரு பலகையை இறக்கினார். அவருடைய நண்பர்கள் குழு, பட்டினத்தில் பழைமையான இடங்களுக்கு விவரப் பலகை போடுகிறதாம். இன்றைய நடையின் முடிவில் முதலாவது பலகையை நாங்கள் எல்லாரும் நிற்க அடித்துப் படம் எடுப்பதாகத் திட்டம். சுவரில் துளைகூடப் போட்டாயிற்று.

நான் அண்ணாந்து பார்த்தேன். ஒழுங்கை முகப்பில் நின்ற மாடிக் கட்டடத்தின் வாசலுக்குக் குறுக்கே வளைவு. அதற்குள்ளே எனக்குப் பழக்கமான சேவியரின் கடை, சப்பாத்தும் பைகளும் விற்கிறவன். அந்த வளைவின் ஒவ்வொரு கல்லையும் எனக்குத் தெரியும்.

ரமணி பத்திரிகையை உரித்தார். நீலப் பலகை, வெள்ளை எழுத்து. மச்சான் உரத்து வாசித்தான்: “ஒல்லாந்தர் கால வளைவு. முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது. கட்டியவர் பெயர் தெரியவில்லை.”

“பெயர் தெரியாதோ?” என்றேன். “பிள்ளை, அந்தப் பெயருக்குக் கண், மூக்கு, மொட்டைத் தலை எல்லாம் இருக்கு. உமக்கு முன்னாலதான் நிக்குது. உதை நான் கட்டினனான்.”

மயிலின் கதை எல்லாருக்கும் நினைவு வந்தது. ரமணி மொழிபெயர்த்ததைக் கேட்ட கொழும்புப் பெண் கணவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகை எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அரை மணித்தியாலத்தில் ஆணி இறுகிவிடும். இறுகினால் இனி வருகிற எல்லாரும் அதையே வாசித்து அதையே படம் எடுப்பார்கள். நான் செத்த பிறகும் அந்த வளைவு ஒல்லாந்தனுடையதாகவே நிற்கும்.

ரமணி கோபிக்கவில்லை. “ஐயா, இதில ஒரு துளி சீமெந்து இல்லை. நாங்கள் சுரண்டிப் பார்த்தனாங்கள். தனிச் சுண்ணாம்பு. கோட்டை வாசல் வளைவின்ரை அதே வடிவம். உங்கட காலத்தில ஆர் சுண்ணாம்பில கட்டினவை?”

“சீமெந்து எங்க இருந்தது பிள்ளை?” என்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வடக்குக்குச் சீமெந்து கொண்டுவரத் தடை. அந்த இடத்தில் முன்னர் ஒல்லாந்தர் வளைவு ஒன்று இருந்தது உண்மை. ஷெல் விழுந்து நிலத்தோடு போயிற்று. கடையின் அன்றைய முதலாளி, சேவியரின் தகப்பன் அந்தோனிப்பிள்ளை, என்னைத் தேடிச் சண்டிலிப்பாய்க்குச் சைக்கிளில் வந்தார். சீமெந்து இல்லாமல் முடியாது என்று மற்ற மேசன்மார் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். நான் முடியும் என்றேன். அராலிக் கரையில் சிப்பி பொறுக்கிச் சூளை வைத்துச் சுட்டோம். சுண்ணாம்பை நீற்றிக் கிழமைக் கணக்கில் ஊறவிட்டு, மணலோடு இடித்து, பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய்ச் சாறும் சேர்த்தோம். கோட்டை வாசலைப் போய்ப் பார்த்து, நூல் பிடித்து அளந்து, வளைவுக்குப் பனஞ்சிலாகைச் சட்டங்களில் அச்சு அடித்தேன். சீமெந்து இல்லாததால் ஒல்லாந்தன் கட்டியதுபோலக் கட்டினேன். அதனால்தான் படித்த பிள்ளை ஒல்லாந்தன் கட்டியது என்கிறார். இதை விட எனக்கு ஒரு சான்றிதழ் தேவையில்லைத்தான். ஆனாலும் பலகை பலகைதான்.

இந்தச் சண்டையைக் கேட்டுச் சேவியர் கடையை விட்டு வெளியே வந்தான். இப்போது அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

“சேவியர், நீ சொல்லு. உதை ஆர் கட்டினது?”

அவன் என்னை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனான். “அண்ணை, சும்மா இருங்கோ. ஒல்லாந்தன் எண்டா நாலு சனம் பார்க்க வரும், வந்தா ஒரு பையெண்டாலும் வாங்கும். சண்டிலிப்பாய் மேசனைப் பார்க்க ஆர் பிளேன் ஏறி வாறது?” பிறகு ரமணியிடம் உரத்துச் சொன்னான்: “நான் அப்ப சின்னப் பொடியன், மிஸ். எனக்கு ஒண்டும் தெரியாது.”

சின்னப் பொடியனாம். அன்றைக்கு அவனுக்கு மீசை இருந்தது.

அப்போது மச்சான் கேட்டான்: “மச்சான், மேல் மாடியின்ரை பாரத்தை உந்த வளைவோ தாங்குது?”

கணக்காளன் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. “இல்லை. வளைவுக்குப் பின்னால ரயில் தண்டவாளம் ஒண்டு போட்டனான்.”

எல்லாரும் கடைக்குள் புகுந்தோம். வளைவின் உட்புறம், சேவியர் பாடசாலைப் பைகளை வரிசையாகக் கொளுவி வைத்திருக்கும் இரும்பு. பச்சைப் பெயின்ற் பூசியிருந்தான். ரயில் வராமல் நின்ற காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்த தண்டவாளத்தில் ஒரு துண்டு, இரண்டு முனையும் வளைவின் கல்லோடு சேர்த்துக் கட்டியது. மச்சான் பைகளை இறக்கிவிட்டுச் சாவிக்கொத்தில் இருந்த ஒரு திறப்பால் பெயின்றைச் சுரண்டத் தொடங்கினான். “ஐயோ, அண்ணை, போன தைப்பொங்கலுக்கு அடிச்ச பெயின்ற்!” என்று சேவியர் கத்தினான். இரும்பின் இடுப்பில் மேலெழும்பிய ஆங்கில எழுத்துகள் வந்தன. பிறகு ஒரு வருஷம். மச்சான் அதைப் படம் எடுத்துப் பெரிதாக்கி ரமணியிடம் நீட்டினான்.

“இந்த இரும்பை வார்க்கேக்க ஒல்லாந்தர் போய் நூறு வருஷத்துக்கு மேல,” என்றான்.

“அவையளின்ரை காலத்தில இஞ்ச ரயில் ஓடினதோ, பிள்ளை?” என்றேன் நான்.

ரமணி வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. “சரி ஐயா, ஒல்லாந்தர் இல்லை. ஒத்துக்கொள்ளுறன். ஆனா தண்டவாளத்தில உங்கட பெயரும் இல்லையே. வேற ஒரு மேசன் எண்டு நாளைக்கு ஒருத்தர் வந்து சொன்னா?”

நியாயமான கேள்விதான். எனக்குத்தான் சூடு ஏறியது. “வேற ஆருக்குப் பிள்ளை உந்தத் துணிவு? கொக்குவிலில இருந்து இந்த இரும்பை இரண்டு சைக்கிள் காரியரில குறுக்கால கிடத்தி, வழியில ஒரு சைக்கிள் சில்லு நெளிய, மிச்சத் தூரம் முழுக்க நான் தனியத் தோளில காவி வந்தனான்.”

“தனியவோ?” சேவியரின் குரல் கடைக்குள் வெடித்தது. “தனியக் காவினனீங்கள்? அப்ப எங்கடை அப்பான்ரை தோள்மூட்டில சாகுமட்டும் கிடந்த தழும்பு என்ன, நுளம்பு கடிச்சதோ? முன் பக்கம் அப்பா, பின் பக்கம் நீங்கள். நீங்கள் நூறு அடிக்கொருக்கா இறக்கி வைச்சு வெத்திலை போட்டனீங்கள். அப்பா இறக்கேல்லை!”

கொழும்புக்காரருக்கு ரமணி மெல்ல மொழிபெயர்த்தார். சேவியர் தான் என்ன சொன்னான் என்பதை அப்போதுதான் உணர்ந்தான். ஆனால் திருப்பி விழுங்கவில்லை.

“எழுதுறதெண்டா எங்கடை அப்பான்ரை பெயரும் எழுதவேணும், மிஸ்,” என்றான். “இல்லாட்டி ஒருத்தரின்ரையும் வேண்டாம்.”

“பை விக்காது, சேவியர்,” என்றேன்.

“விக்காட்டிப் போகுது, அண்ணை.”

ரமணி பலகையை மறுபடி பத்திரிகையில் சுற்றினார். குழுவோடு கதைக்கவேண்டும், புதிதாக அடிக்கவேண்டும், அதற்கு ஆதாரம் கேட்பார்கள் என்றார். “நடந்ததை உங்கட கையால எழுதித் தாங்கோ, ஐயா. சேவியரும் ஒப்பம் வைக்கட்டும்.” துளை போட்ட சுவரின் முன்னால், பலகை இல்லாமல், எங்கள் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தார். சேவியர் தகப்பனின் சட்டமிட்ட படத்தை உள்ளே இருந்து கழற்றிக்கொண்டு வந்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். நான் வளைவில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஜேர்மன்காரர் இரண்டு பை வாங்கினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மச்சான் யன்னலோரம் இருந்தான். கமராவில் காலையிலிருந்து எடுத்தவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தான். மானிப்பாய் தாண்டிய பிறகு சொன்னான்: “முப்பது வருஷம் ரொறன்ரோவில கணக்கெழுதினன், மச்சான். அந்தப் பெரிய பட்டினத்தில ஒரு இடத்தில நிண்டு, இது நான் செய்தது எண்டு கை வைச்சுப் படம் எடுக்க ஏலாது. நீ எங்க பார்த்தாலும் கை வைக்கிறாய்.”

அவனுக்கு ஆறுதலாக ஏதும் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். எனக்கு அந்த வகைப் பேச்சு வராது. “அந்த இரும்பில எழுத்து இருக்கெண்டு எனக்கே தெரியாது. நீதான் கண்டுபிடிச்சனி” என்றேன். அது உண்மை. அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் சிரிப்பது கண்ணாடியில் தெரிந்தது.

ஆகவே ரமணி கேட்டபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் மட்டும் வாசித்தால் போதாது என்றுதான் உங்களுக்கும் எழுதுகிறேன். ரமணி பிள்ளையும் அவருடைய குழுவும் கவனிக்கவேண்டும். புதுப் பலகையில் முதல் வரி இதுதான்: இந்த வளைவைக் கட்டியவர் சண்டிலிப்பாய் மேசன் சின்னராசா. வீதியின் மறுபக்கத்தில் நிற்கிறவர் கண்ணாடி போடாமல் வாசிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கவேண்டும். அதற்குக் கீழே: இரும்பு காவியவர் அந்தோனிப்பிள்ளை. முன் பக்கம் அவர்தான் காவினார் என்று போட்டாலும் நான் மறுக்கமாட்டேன். அதற்குப் பிறகும் பலகையில் இடம் மிஞ்சினால், வடிவம் தந்தவர்கள் என்று ஒல்லாந்தரையும் போடுங்கள்.